‘இது ப்ராக்கே இல்லை’ என்று ஏன் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு வருடமாகப் புராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக், கேட்கிறீர்கள். “எங்களுக்கு எல்லை கிடையாது, எதற்கும் காது கொடுப்போம்” என்று அந்த ரசிகர்கள் சொன்னதை நம்பி ஆசையோடு உள்ளே வந்தீர்கள். வந்து பார்த்தால், பிடித்த குழு நான்கு நிமிடத்தில் முடிகிற பாட்டையோ ஆட வைக்கிற தாளத்தையோ கொடுத்தவுடன் அதே ஆட்கள் “இது ப்ராக்கே இல்லை” என்று கதவைச் சாத்துகிறார்கள். உங்களுக்கு 1980களின் ஜெனிசிஸ் குழு பிடித்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இதெல்லாம் பாசாங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது ரசிகர்களின் குணத்தைப் பற்றிய கேள்வி. அடியில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. முன்னே போவது என்ற பொருளில் ஓர் இசைக்குப் பெயர் வைத்துவிட்டு, அது ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கீபோர்டு வாசிப்பவன். மேற்கத்திய இசைக் கோட்பாட்டை முறையாகப் படித்தவன். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த இசையோடு இருக்கிறேன். அதில் பெரும்பகுதி, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆல்பங்களை முழுதாகக் கேட்டுப் பேசும் ஒரு கூட்டத்தை நடத்தியதில் போயிருக்கிறது. எனவே கீழே வருவதில் சில பதிவான வரலாறு, சில நான் பார்த்துப் பழகியதிலிருந்து வந்த கணிப்பு. எது எது என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். சுருக்கமான பதில் வேண்டுமானால்: பாசாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திறந்த மனம் உண்மையானது. ஆனால் அது சில பக்கங்களில்தான் திறக்கும்.

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று செயலைக் குறிப்பது: இதுவரை ராக் இசை செய்யாததைச் செய்வது, முன்னே போவது. இன்னொன்று ஒலியைக் குறிப்பது: ஏறக்குறைய 1969 முதல் 1975 வரை இங்கிலாந்தில் உருவான ஒரு குறிப்பிட்ட ஒலி. நீண்ட பாட்டுகள், அடிக்கடி மாறும் தாள அளவு, ஆர்கனும் மெல்லோட்ரான் என்ற விசைக்கருவியும், கதை சொல்லும் ஆல்பம், நுணுக்கமான வாசிப்பு. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் முதலாவதைச் சிறிய எழுத்திலும் இரண்டாவதைப் பெரிய எழுத்திலும் தொடங்கி வேறுபடுத்துவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. ‘முற்போக்கு’ என்றால் அரசியல் நினைவுதான் முதலில் வரும். அதனால் செயலை ‘முன்னேறுவது’ என்றும் ஒலியை ‘ப்ராக்’ என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். ரசிகர் “எனக்கு எல்லை கிடையாது” என்னும்போது முதலாவதைப் பற்றிப் பேசுகிறார். “இது ப்ராக் இல்லை” என்னும்போது இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் அவர் மனதார நேசிக்கிறார், ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்.

ஆரம்பத்தில் அப்படி நினைக்க நியாயம் இருந்தது, ஏனென்றால் அப்போது செயல் மட்டும்தான் இருந்தது, ஒலி இன்னும் உறையவில்லை. 1969இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்த வகை இசைக்கென்றே வெர்டிகோ என்ற இசைத்தட்டு லேபிளைத் தொடங்கியது. அதில் முதலில் வந்தது கொலோசியம் குழுவின் ஜாஸ் கலந்த ‘வாலன்டைன் சூட்’. சில மாதங்களில் அதே லேபிளில், ஹெவி மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம், பிறகு ஜென்டில் ஜயன்ட். அந்தக் காலத்துக் கடையில் இவை எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. இன்று பிளாக் சபாத்தை ப்ராக் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 1971 தொடக்கத்தில் கரிஸ்மா லேபிள் தன் மூன்று குழுக்களை ஒரே மேடையில் ஏற்றி இங்கிலாந்தைச் சுற்றி அனுப்பியது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், லிண்டிஸ்ஃபார்ன், ஜெனிசிஸ். நுழைவுச்சீட்டு ஆறு ஷில்லிங். முதலாவது ஆவேசமான, இருண்ட ஆர்கன் இசை. இரண்டாவது எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய நாட்டுப்புறப் பாணி. மூன்றாவது மென்மையான பன்னிரு தந்திக் கிட்டாரும் கதைகளும். ஒரே இரவில் மூன்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் திறந்த மனம் வெறும் பேச்சில்லை. அப்போது இன்றைய வேலி போடப்படவே இல்லை. எது உள்ளே, எது வெளியே என்ற வரைபடம் பெரும்பாலும் பின்னால் வரையப்பட்டது.

வேலி எப்படி இறுகியது என்பதற்கு மெல்லோட்ரானைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அது ஒவ்வொரு விசைக்கடியிலும் ஒரு காந்த நாடாவை வைத்த கருவி. விசையை அழுத்தினால் முன்பே பதிவு செய்த வயலின்களோ குழலோ பாடகர் குழுவோ ஏறக்குறைய எட்டு நொடிகள் ஒலிக்கும். நாடா தீர்ந்தால் ஒலியும் தீர்ந்துவிடும். வாசிப்பவர் அந்த எட்டு நொடிக்குள் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டும். சுருதி அலையும், ஈரப்பதம் மாறினால் மக்கர் செய்யும். 1969இல் கிங் கிரிம்சன் குழு தன் முதல் ஆல்பத்தில் அதை வாசித்தபோது, நான்கைந்து பேர் ஒரு முழு வாத்திய மண்டலத்தை மேடைக்குக் கொண்டுவரும் எதிர்கால இயந்திரம் அது. இன்று அந்த ஒலியின் டிஜிட்டல் பிரதி எந்தக் கணினியிலும் கிடைக்கிறது. இன்றைய குழுக்கள் அதைப் பயன்படுத்துவது, கேட்பவருக்கு “நாங்கள் உங்கள் ஆட்கள்” என்று அடையாளம் சொல்லத்தான். நானும் பயன்படுத்துகிறேன், அந்த ஒலி கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் புதுமையின் கருவியாக வந்தது மரபின் சின்னமாக மாறிவிட்டது என்பதை மறைக்க முடியாது.

இப்போது இரண்டு ஆல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் 1974இல் கிங் கிரிம்சனைக் கலைத்தார். 1981இல் பில் புரூஃபோர்ட், ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் ஆகியோரோடு வேறொரு குழுவைத் தொடங்கி, சில மாதங்கள் ‘டிசிப்ளின்’ என்ற பெயரில் மேடையேறினார். பிறகுதான் அதற்கு மறுபடியும் கிங் கிரிம்சன் என்று பெயர் வைத்தார். ஆல்பத்துக்கு ‘டிசிப்ளின்’ என்று பெயர். மெல்லோட்ரான் இல்லை, இருபது நிமிடப் பாட்டு இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கிட்டார்கள் இந்தோனேசியாவின் கேமலான் இசைபோல ஒன்றோடொன்று பல்சக்கரமாகக் கோத்துக்கொண்டு ஓடுகின்றன. ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ பாட்டில் ஒரே சொற்றொடரை ஒரு கிட்டார் ஏழு ஏழாக வாசிக்க, இன்னொன்று ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றாக வாசிக்கிறது. இரண்டும் மெல்ல விலகி, சுற்றி வந்து மறுபடி சேருகின்றன. ராக் இசையில் அதுவரை கேட்காத ஒன்று. 1983இல் மாரில்லியன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அழகான ஆல்பம், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் கட்டுமானம், முகத்தில் சாயம் பூசிய பாடகர் உட்பட, பத்து வருடம் முந்தைய ஜெனிசிஸிலிருந்து வருகிறது என்பதைக் கேட்ட எவரும் உணர்வார்கள். செயல்தான் முக்கியம் என்றால் முதலாவதைத்தான் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். நான் பழகிய பல மூத்த ரசிகர்கள் அப்போது செய்தது நேர்மாறு. மாரில்லியனை வீட்டுக்கு வந்த பிள்ளையாக ஏற்றார்கள். ‘டிசிப்ளின்’ ஆல்பத்தை நியூ வேவ் என்ற அக்காலத்துப் புதுப் பாணியின் பக்கம் ஓடிப்போனதாகப் பார்த்தார்கள். இது எனக்கு நேரில் கிடைத்த சாட்சி, கணக்கெடுப்பு இல்லை. என் அளவிலும் அதுதான் நடந்தது. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தின் மெல்லோட்ரானில் மயங்கிப்போய், அடுத்ததும் அதுதான் என்று நினைத்து ‘டிசிப்ளின்’ வாங்கினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தவன், ஆறு வருடம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். அந்த ஆறு வருடமும் அது மாறவில்லை. நான் வேறு எதையோ தேடிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறேன்.

பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு யெஸ் குழுவின் ‘90125’ இன்னொரு எடுத்துக்காட்டு. கிறிஸ் ஸ்குவயர், ஆலன் வைட், ட்ரெவர் ரேபின், டோனி கே நால்வரும் அதை ‘சினிமா’ என்ற புதுக் குழுவாகத்தான் தொடங்கினார்கள். பாதி வேலை முடிந்த பிறகு பழைய பாடகர் ஜான் ஆண்டர்சன் வந்து சேர, பெயர் யெஸ் என்று ஆனது. ஆல்பம் 1983இல் வந்தது. அதிலிருந்து ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பழைய ரசிகர்களில் பலருக்கு அது துரோகம். இதே ஒலிப்பதிவு ‘சினிமா’ என்ற பெயரில் வந்திருந்தால், “யெஸ் ஆட்கள் சேர்ந்து சுவாரசியமாக ஏதோ செய்திருக்கிறார்கள்” என்று அவர்களே சொல்லியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அட்டையில் இருக்கும் பெயர் ஒரு வாக்குறுதி மாதிரி. ஊசி இறங்குவதற்கு முன்பே காது ஒன்றைக் கேட்கத் தயாராகிவிடுகிறது.

இதனால் எதிர்பார்ப்பே கெட்டது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் படித்த காலத்தில் லெனர்ட் மேயர் என்ற அமெரிக்க இசையியலாளர் 1956இல் முன்வைத்த கருத்து என்னை மிகவும் பாதித்தது. அடுத்து இது வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்; அது தள்ளிப்போகிறது, அல்லது வேறு விதமாக வருகிறது; அந்த இடைவெளியில்தான் இசை நமக்குள் உணர்ச்சியை எழுப்புகிறது என்பது அதன் சாரம். எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு வியப்பும் கிடையாது. யெஸ்ஸின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் வந்தது, பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். பறவைகளும் நீரோசையும் அடங்கியதும் கிட்டார் ஒரு பெரும் குழப்பத்துக்குள் குதிக்கிறது. மெட்டு வருகிறது, போகிறது, உடைகிறது. நடுவில் எல்லாம் அடங்கி நீண்ட அமைதி. அந்த அமைதியின் முடிவில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கன் எழும். லண்டனில் ஓர் உண்மையான தேவாலயத்து ஆர்கனில் பதிவு செய்தது. அதன்பின் முதல் மெட்டு திரும்பி வரும்போது, அது திரும்ப வேண்டும் என்று பத்து நிமிடமாக உங்கள் உடம்பே காத்திருந்திருக்கிறது. ப்ராக் ரசிகர் இந்தக் காத்திருப்புக்குப் பழகியவர். வேறு எந்த ராக் ரசிகரையும்விட நீண்ட நேரம் பொறுமையாக இருக்கக் கற்றவர். அவர் திறந்த மனம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் திறமையைத்தான், அது மதிக்கத்தக்க திறமை.

ஆனால் ஒரு திசையில் பழகிய காது இன்னொரு திசையில் பழகாமல் இருக்கலாம். சிக்கலுக்குக் காது கொடுப்பவர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காது கொடுக்க மறுப்பதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு முறை நொய் என்ற ஜெர்மன் இருவர் குழுவின் ‘ஹலோகல்லோ’ போட்டேன். 1972இல் வந்தது, பத்து நிமிடம், ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே நேரான தாளம். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் “எப்போது தொடங்கும்?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அவருடைய காது பகுதி மாறுவதையும் தாளம் மாறுவதையும் நிகழ்வாக எண்ணப் பழகியிருந்தது. கிட்டாரின் நிறம் மெல்ல மாறுவது, ஒலி முன்னும் பின்னும் நகர்வது எல்லாம் அவர் கணக்கில் நிகழ்வாகச் சேரவில்லை.

இதற்கு எதிரான ஒன்றும் நடந்தது. ஜெனிசிஸின் ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ பாட்டைப் போட்டு எல்லோரையும் கைதட்டிக்கொண்டே கேட்கச் சொன்னேன். 1980இல் வந்தது, பிரிட்டனில் முதல் பத்துக்குள் போன பாட்டு, நான்கு நிமிடம்கூட இல்லை. “இது பாப், ஜெனிசிஸ் கெட்டுப்போன காலம்” என்று இரண்டு பேர் முன்பே சொல்லிவிட்டார்கள். தட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில் கை தவறியது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி தவறியது. பிறகுதான் சொன்னேன், ஆறும் ஏழும் சேர்ந்து பதின்மூன்று எண்ணிக்கை ஓடுகிறது என்று. அறையே அமைதியானது. அவர்கள் எதை நேசிப்பதாகச் சொல்கிறார்களோ அதுவே இருபது வருடமாக அந்தப் பாட்டில் இருந்தது. நீளம் குறைவு, மெட்டு எளிது, வானொலியில் வந்தது என்ற மூன்று அடையாளங்கள் முன்னால் நின்று அதை மறைத்துவிட்டன. அன்று “இது பாப்” என்று சொன்னவர்களில் ஒருவர் பிறகு எனக்கு அந்த ஆல்பத்தைப் பற்றி நான் கவனிக்காத பல விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

இதில் மனிதர்களைப் பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், நேரடியாக ப்ராக் ரசிகர்களைப் பற்றி நான் சான்றாக வைக்கக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அருகில் இருக்கும் இரண்டைச் சொல்லலாம். உளவியலாளர்கள் பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் சாம் காஸ்லிங்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஜாஸ், செவ்வியல் போன்ற சிக்கலான இசையை விரும்புவதற்கும், ராக், ஹெவி மெட்டல் போன்ற ஆவேசமான இசையை விரும்புவதற்கும், புதிய அனுபவங்களை நாடும் குணத்தோடு தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஆக “நாங்கள் புதியதை நாடுபவர்கள்” என்ற பேச்சு முழுக்கக் கற்பனை இல்லை. இன்னொன்று, பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர் 1996இல் எழுதியது. அமெரிக்காவில் கல்வி கூடக்கூட மக்கள் வெறுக்கும் இசை வகைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் அப்படிப்பட்ட பரந்த ரசனைக்காரர்களும் ஒதுக்கும் வகைகள் எவை என்று பார்த்தால், அவை கல்வி குறைந்தவர்கள் அதிகம் கேட்கும் வகைகள்: காஸ்பல், கன்ட்ரி, ராப், ஹெவி மெட்டல். அதாவது திறந்த மனத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு, அந்தக் கோடு சமூகப் படிநிலையின் மேல் ஓடுகிறது. இதை ப்ராக் ரசிகர்களுக்குப் பொருத்துவது என் ஊகம்தான். ஆனால் ஆதாரமில்லாத ஊகம் இல்லை. ஜெனிசிஸைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற வசதி படைத்தோர் பள்ளியின் மாணவர்கள். இசை ஆய்வாளர் எட்வர்ட் மேக்கன் 1997இல் இந்த இசையின் வேரை ஆங்கிலத் தேவாலய இசையிலும் தெற்கு இங்கிலாந்தின் நடுத்தர, மேல்நடுத்தர வர்க்க இளைஞர்களிலும் தேடினார். ஆடுவதற்கான இசையைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் இந்த வழியாகவும் கொஞ்சம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டிஸ்கோ என்றாலே முகம் சுளிக்கும் பலரிடம் ஏன் என்று கேட்டால், இசையைப் பற்றிச் சொல்வதைவிட அதைக் கேட்கும் ஆட்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த ரசிகர்கள் முற்றுகையில் இருந்தவர்கள். 1976க்குப் பிறகு பிரிட்டனின் இசைப் பத்திரிகைகளில் பங்க் என்ற எளிய, ஆவேசமான ராக் இசையின் அலை எழுந்தபோது, ப்ராக் என்றாலே வீண் பகட்டு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தான் நேசிப்பதைப் பத்து வருடம் யாராவது இகழ்ந்துகொண்டே இருந்தால், மிச்சம் இருப்பதை இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். நேற்றுவரை கூட இருந்த குழுவும் எதிர்முகாம் போய்விட்டதாகத் தெரிந்தால் கோபம் இரட்டிப்பாகும். அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இரண்டு முகாம் என்ற கதையை இசைக்கலைஞர்களே அவ்வளவாக நம்பவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஜான் லைடன், ப்ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன் என்ற பொருளில் ‘ஐ ஹேட் பிங்க் ஃபிளாய்ட்’ என்று எழுதிய சட்டை போட்டவர்தான். அதே லைடனை 1977 ஜூலையில் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போடச் சொன்னபோது, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமிலின் பாட்டுகளைப் போட்டார். டேவிட் போவியின் ‘லைஃப் ஆன் மார்ஸ்’ பாட்டில் பியானோ வாசித்தது பின்னாளில் யெஸ்ஸில் வாசித்த வேக்மன். ‘ஹீரோஸ்’ பாட்டில் ஓலமிடும் அந்தக் கிட்டார் ஃபிரிப்புடையது. அவரே ப்ளான்டி, டாக்கிங் ஹெட்ஸ் என்ற நியூ வேவ் குழுக்களோடும் வாசித்தார். இவர்கள் வேலியைத் தாண்டவில்லை, அவர்களுக்கு அப்படி ஒரு வேலியே கண்ணில் படவில்லை.

உங்கள் ஜெனிசிஸுக்கு வருகிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் கதை, 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் போனார், 1977இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் போனார், டிரம்ஸ் வாசித்துப் பிறகு பாடகரான ஃபில் காலின்ஸ் குழுவைப் பாப் ஆக்கிவிட்டார் என்பது. விலகல்களும் வருடங்களும் சரி. குற்றச்சாட்டு நிற்காது. அதே காலின்ஸ் 1975இல் பரிசோதனை இசைக்குப் பேர்போன பிரையன் ஈனோவின் ‘அனதர் கிரீன் வேர்ல்ட்’ ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். அடுத்த வருடம் பிராண்ட் எக்ஸ் என்ற ஜாஸ் ஃபியூஷன் குழுவோடு ஆல்பம் வெளியிட்டவர். பாட்டுகளைச் சுருக்கியதில் குழுவின் மற்ற இருவரான டோனி பேங்க்ஸுக்கும் மைக் ரூதர்ஃபோர்டுக்கும் சம பங்கு உண்டு. 1980இல் கேப்ரியல் தன் மூன்றாவது தனி ஆல்பத்தில், டிரம்ஸோடு தட்டும் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் முதல் பாட்டான ‘இன்ட்ரூடர்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்ததும் காலின்ஸ்தான். பெரிதாக வெடித்துச் சட்டென்று அறுந்துபோகும் அந்த டிரம்ஸ் ஒலி அடுத்த பத்தாண்டின் பாப் இசையையே மாற்றியது. அந்த வருடத்தில் முன்னேற்றம் எங்கே நடந்தது என்று என்னைக் கேட்டால், இருபது நிமிடப் பாட்டு எதையும்விட முதலில் அந்த டிரம்ஸைத்தான் காட்டுவேன். சரி, அதற்காக 1986இன் ‘இன்விசிபிள் டச்’ முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் தட்டையானவை, நான் தள்ளிவிட்டுப் போவேன். ஆனால் அதே ஆல்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘டாமினோ’வும் இருக்கிறது என்பதை, அந்த ஆல்பத்தைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் குணம் பழைய தலைமுறைக்கு மட்டும் உரியதும் இல்லை. ஸ்வீடனின் ஓபெத் குழு 2011இல் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் உறுமல் குரலை விட்டுவிட்டு 1970களின் ப்ராக் ஒலிக்குப் போனது. அங்கே கோபித்தவர்கள் மெட்டல் பக்கத்திலிருந்து வந்த ரசிகர்கள். உறுமல் 2024இல் திரும்பியபோது அவர்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒரே குழு முன்னே போனதாகவும் பின்னே போனதாகவும் ஒரே நேரத்தில் பேசப்பட்டது. பேசியவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத் திசை மாறியது.

நடைமுறையில் எனக்கு உதவிய ஒரு பிரிப்பைச் சொல்கிறேன். “எனக்குப் பிடிக்கவில்லை”, “இது ப்ராக் இல்லை”, “இது மட்டமான இசை” ஆகிய மூன்றும் தனித்தனி வாக்கியங்கள். முதலாவதில் யாரோடும் சண்டையில்லை. ஏமாற்றம் அடைய ரசிகருக்கு முழு உரிமை உண்டு. ஒரு குழுவோடு பதினைந்து வருடம் வாழ்ந்தவருக்கு அது உண்மையான வலி. இரண்டாவது வகைப்படுத்தல் பற்றியது. பல நேரங்களில் சரியாகவும் இருக்கும். ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ ப்ராக் ஒலி இல்லை என்றால் நான் தலையாட்டுவேன். மூன்றாவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும், பாட்டுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதலாவதை உணர்ந்தவர் இரண்டாவதைச் சொல்லி, அதையே மூன்றாவதற்கான நிரூபணமாக வைத்துவிடுகிறார். அடுத்த முறை யாராவது உங்களிடம் “இது ப்ராக்கே இல்லை” என்றால் வாதாடாமல், “சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம், பாட்டில் எந்த இடம் உங்களுக்கு ஒட்டவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பிறகு நடந்த பேச்சுகள்தான் மிகச் சிறந்தவை. பதில் வராமல் போன சமயங்களும் உண்டு. அப்போது விட்டுவிடுவேன், ஏனென்றால் சிலருக்கு அந்த ஆல்பங்கள் வாழ்க்கையின் ஏதோ ஒரு வருடத்தோடு பிணைந்திருக்கும். அங்கே இசையைப் பற்றிய வாதம் நுழையாது.

பிடித்ததைச் சொல்லத் தயங்க வேண்டாம். சொல்வதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். 1980இன் ‘டியூக்’ ஆல்பத்தை எடுங்கள். அதில் ‘பிஹைண்ட் தி லைன்ஸ்’, ‘டச்செஸ்’, ‘கைட் வோக்கல்’, ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’, ‘டியூக்ஸ் டிராவல்ஸ்’, ‘டியூக்ஸ் எண்ட்’ ஆகிய ஆறும் முதலில் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும் ஒரே தொடராகக் கட்டப்பட்டவை. 1972இன் ‘ஸப்பர்ஸ் ரெடி’யோடு ஒப்பிடுவார்கள் என்பதால் குழுவே அதைப் பிரித்து ஆல்பம் முழுக்கப் பரப்பிவிட்டது. ஆனால் அந்த வருடச் சுற்றுப்பயண மேடைகளில் ஆறையும் சேர்த்தே வாசித்தார்கள். நடுவில் இருக்கும் மற்ற பாட்டுகளை ஒதுக்கிவிட்டு இந்த ஆறையும் இதே வரிசையில், நிறுத்தாமல் கேளுங்கள். ‘டியூக்ஸ் டிராவல்ஸ்’ முடிவை நெருங்கும்போது ‘கைட் வோக்கல்’ மெட்டு பல மடங்கு பெரிதாகித் திரும்பி வரும். அந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.